வெர்லினுக்காகத் திட்டியவள்

வெர்லின் ஆமட் எங்கள் சீஸ் ஆலைக்கு முப்பத்தோரு வருடம் பால் லாரி ஓட்டினார். விடியுமுன் கிளம்பி, பதினான்கு பண்ணைகளில் பால் ஏற்றிக்கொண்டு, பகல் ஒரு மணிக்கு ஆலை வாசலில் வந்து நிற்பார். பரிசோதனைக் கூடத்தில் என் மேசைமேல் மாதிரிக் குப்பிகளை வைத்துவிட்டு, "பரவால்ல, இல்ல?" என்பார். அது வானிலையைப் பற்றியா, பாலைப் பற்றியா என்று நான் கேட்டதில்லை. மேற்கு விஸ்கான்ஸினில் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு மனிதன் கல்யாணம், சாவு, ஆலங்கட்டி மழை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து காபி குடிக்கும்போது யாராவது அரசியல் பேச ஆரம்பித்தால் வெர்லின் கோப்பைக்குள் பார்ப்பார். கோப்பை காலியாக இருந்தாலும் பார்ப்பார்.

அவருக்கும் மனைவி மார்லிஸுக்கும் ஒரே மகள், சோல்வே. கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பகுதிநேர ராணுவமான தேசியக் காவல்படையில் சேர்ந்தவளை 2004 இலையுதிர் காலத்தில் இராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை லாரி ஓட்டுவது. அப்பனைப் போலவே பொண்ணு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். டிசம்பரில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. லாரிக் கதவு வெறும் தகரம்தான், அதனால் நானும் ஒருத்தனும் குப்பைமேட்டில் பழைய இரும்புத் தகடு பொறுக்கிவந்து பற்றவைத்தோம், நன்றாகவே வந்திருக்கிறது என்று சாதாரணமாக எழுதியிருந்தாள். மார்லிஸ் அதைப் படித்துவிட்டு மடித்து பைபிளுக்குள் வைத்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஞாயிறு தேவாலய வாசலில் நின்ற கார்களில் பாதிக்குமேல் படைவீரர்களுக்கு ஆதரவு என்று மஞ்சள் ரிப்பன் ஒட்டியிருந்தது. ஒவ்வொருவராக வந்து வெர்லினின் கையைக் குலுக்கி, "உங்களுக்குப் பெருமையா இருக்கும்" என்றார்கள். "பரவால்ல" என்றார் அவர்.

ஜனவரியில் ஒரு காலை, வழக்கமாகக் கேட்கும் நிலையம் இரைச்சலாகப் போகவே வானொலி முள்ளைத் திருப்பினார். சரளைக்கல்லைச் சல்லடையில் போட்டு ஆட்டியது போல ஒரு பெண் குரல் பாய்ந்தது.

"புள்ளைங்கள தகரக் கதவோட சண்டைக்கு அனுப்பிட்டு, நீ காரு பின்னாடி ரிப்பன் ஒட்டிக்கிட்டுத் திரியிற! அந்த ரிப்பன் குண்டத் தடுக்குமாய்யா? ஆறு டாலரு ரிப்பன்! அதுவும் சீனாவுல செஞ்சது!"

வெர்லின் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டார். விளம்பரம் வரும்வரை அங்கேயே நின்று கேட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அவள் பெயர் பெவ் கோவாச். மினியாபோலிஸில் இருந்த, போரை எதிர்த்த ஒரு லிபரல் வானொலி நிலையத்தில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பேசுவாள். பேசுவாள் என்பதைவிட ஏசுவாள் என்பதே சரி. அமைச்சரை ஏசுவாள், செனட்டரை ஏசுவாள், சொந்தக் கட்சிக்காரர்களை முதுகெலும்பில்லாத புழுக்கள் என்பாள். ஆதரித்துப் பேச அழைத்தவர்கள் வளவளவென்று இழுத்தால், "விஷயத்துக்கு வாய்யா, எனக்கு வயசாகுது" என்று இணைப்பைத் துண்டிப்பாள். இவ்வளவு முரட்டுத்தனத்தை வெர்லின் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு முன்பே முள்ளைத் திருப்பிவைத்துக் காத்திருந்தார். பண்ணைக்குள் நுழையும்போது அணைத்துவிடுவார், வெளியே வந்ததும் போடுவார். வீட்டில் மூச்சு விடவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள், என்ன தோன்றியதோ, வழியில் லாரியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் அந்த எண்ணை அழுத்தினார். இருபது நிமிடம் காக்கவைத்தார்கள். பெயர் கேட்டதற்கு வால்ட் என்று சொல்லிவைத்தார்.

"சொல்லு வால்ட். ஏன் முணுமுணுக்கற? பக்கத்துல பொணம் கிடக்கா?"

"இல்லங்க. நான் பால் லாரி ஓட்டறேன்."

"அப்ப மாட்டுக்குக் கேக்கும்னு பயமா? சத்தமாப் பேசு!"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளைப் பற்றிச் சொன்னார். குப்பைமேடு, இரும்புத் தகடு, கடிதத்தை மடித்து வைத்தது, எல்லாம். பெவ் குறுக்கே பேசவில்லை. அவர் முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ யாருக்கு ஓட்டு போட்ட, வால்ட்?"

வெர்லின் பொய் சொல்லியிருக்கலாம்.

"சண்டைக்கு அனுப்பினவங்களுக்குத்தான். ரெண்டு தடவையும்."

"அட மடையா!" என்று கத்தினாள் பெவ். "கெட்டிக்கார மனுசன் மாதிரி பேசற, இப்படி ஒரு மடத்தனத்தப் பண்ணியிருக்கியே! சரி, விடு. இப்ப உன் பொண்ணுக்கு நல்ல கதவு வேணும். உங்க செனட்டர் ஆபீசுக்கு இன்னைக்கே போன் போடு. என்கிட்டப் பேசின மாதிரி முணுமுணுக்காத. எருமை மாதிரி கத்து. என்ன?"

"சரிங்க."

"கத்துன்னு சொன்னேன்!"

"சரி!" என்று கத்தினார் வெர்லின்.

அவரை முகத்துக்கு நேராக மடையன் என்று சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. ஊரில் ஒருவர் தப்பு செய்தால் பத்து வருடம் அவரிடம் இனிமையாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், அதுதான் தண்டனை. "அவ திட்டினப்போ என்ன ஒரு மனுசனா மதிச்ச மாதிரி இருந்துச்சு. கை குலுக்கினவங்க யாரும் என்ன ஒரு கேள்விகூடக் கேக்கல" என்றார் என்னிடம். அன்று அவர் கொண்டுவந்த குப்பிகளில் இரண்டுக்குச் சீட்டு ஒட்ட மறந்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் அது ஒரே தடவை.

செனட்டர் அலுவலகத்துக்கும் பேசினார். ஒரு பெண் பணிவாகக் குறித்துக்கொண்டாள். கதவு வந்ததா என்றால், வரவில்லை.

வால்ட் என்ற பெயர் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பத்தாவது பண்ணை ஆர்விட் ரூஸ்டாடுடையது. இருவரும் ஒன்றாய்ப் பள்ளி போனவர்கள். ஆர்விடின் இரண்டு மருமகன்களும் ராணுவத்தில். மறுநாளே வெர்லின் பால் அறையில் குளிர்தொட்டிக்குக் குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஆர்விட் வாசலில் வந்து நின்றார்.

"வால்ட்டுன்னு யாரோ ரேடியோவுல பேசினானாமே."

வெர்லின் தொட்டியைப் பார்த்தார்.

"நாப்பது மைல் சுத்துவட்டத்துல பால் லாரி ஓட்டறவன், பொண்ணு இராக்குல இருக்கிறவன், எத்தன பேருடா இருக்கான்? பேர மாத்தணும்னா கதையையும் மாத்தத் தெரியணும்."

"ஆர்விட், நீ அதக் கேக்கறியா?"

"தினமும் கேக்கறேன். அந்தப் பொம்பளையத் திட்டினாத்தான் எனக்குக் காலைல ரத்தமே ஓடுது." பிறகு ஆர்விடின் முகம் மாறியது. "ஆனா நீ அங்க போய் அழுவன்னு நினைக்கல. புள்ளைங்க அங்க இருக்கும்போது இங்க இருந்து இப்படிப் பேசக்கூடாது."

அதற்கப்புறம் ஆறு வாரம் ஆர்விட் பால் அறைப் பக்கமே வரவில்லை.

அது பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது மகளின் தொலைபேசி அழைப்பு. யாரோ சோல்வேக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டார்கள்.

"அப்பா, நான் உங்களுக்கு எழுதினேன். ரேடியோவுக்கு எழுதல."

"நான் பேரு சொல்லலம்மா."

"என்கூடத் தகடு பொறுக்கினவன் போன வாரம் செத்துட்டான். அவங்க அம்மா இத ரேடியோவுல கேட்டிருந்தா? ஒரு வார்த்தை என்னக் கேட்டீங்களா?"

மார்லிஸ் தொலைபேசியைக் கையில் வாங்கி, "உங்கப்பா என்கிட்டகூட அழல, சோல்வே. எங்கயாவது அழணும்ல?" என்றாள். கணவர் பெவ்வைக் கேட்கிறார் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

மூன்று வாரம் வெர்லின் வானொலியைத் தொடவில்லை. லாரியில் இன்ஜின் சத்தம் மட்டும். அந்த மூன்று வாரம் தான் எல்லோரையும் வெறுத்ததாகவும், பெவ்வைக் கேட்கும்போது அப்படி வெறுத்ததில்லை என்றும் சொன்னார். நம் கோபத்தை யாராவது பொறுப்பில் எடுத்துக்கொண்டால் நாம் சும்மா பால் ஏற்றலாம் போலிருக்கிறது. நான்காவது வாரம் மறுபடியும் போட்டார். தொலைபேசி மட்டும் செய்யவில்லை.

நவம்பரில் சோல்வே முழுசாகத் திரும்பி வந்தாள். வந்த வாரம் அப்பாவோடு லாரியில் ஏறிக்கொண்டாள். ஒன்பது மணி ஆனதும் வெர்லினின் கை பழக்கத்தில் முள்ளுக்குப் போய் நின்றுவிட்டது.

"போடுங்கப்பா. யாரு அந்தப் பொம்பளைன்னு பாக்கலாம்."

பெவ் பிளிறினாள். சோல்வே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். பத்து நிமிடம் போயிருக்கும்.

"அவ சொல்றது எல்லாம் சரிதான். ஆனா சத்தம் தாங்கலப்பா. அணைச்சிடலாமா?"

அவர் உடனே அணைத்தார்.

"தகட்டப் பத்திச் சொன்னது தப்பில்ல" என்றாள் சிறிது தூரம் போனபின். "என்னக் கேக்காம சொன்னதுதான் தப்பு."

"ஆமாம்மா."

அதன்பிறகு அவள் லாரியில் ஏறிய நாட்களில் வானொலி இல்லை. அவள் பேசினால் கேட்டார், பேசாவிட்டால் ஓட்டினார்.

2007 தொடக்கத்தில் விளம்பரம் போதவில்லை என்று அந்த நிலையத்தை விளையாட்டுச் செய்திக்கு மாற்றிவிட்டார்கள். பெவ்வுக்கு விடைபெறக்கூட நேரம் தரவில்லை. ஒரு திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் குரல் வரவேண்டிய இடத்தில் இரண்டு ஆண்கள் கூடைப்பந்து பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஆர்விட் பால் அறையில் வெர்லினுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"உன் ஆளத் துரத்திட்டானுங்களே."

"ம்."

"இனிமே காலைல நான் யாரத் திட்டறது?"

வெர்லின் அளவுகோலைத் துடைத்தார். தொட்டிக்குள் விட்டார். எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு திரும்பி, "என்னத் திட்டு" என்றார். "ஆனா நானும் திட்டுவேன். முதல்ல உன் காரு பின்னாடி இருக்கே அந்த ரிப்பன், அது சீனாவுல செஞ்சதுடா, மடையா."

ஆர்விட் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சத்தம் போட ஆரம்பித்தார், வெர்லினும் விடவில்லை. பால் முழுவதும் ஏறி முடிந்து, பம்ப் காற்றை இழுத்து அலறும்வரை இருவருக்கும் தெரியவில்லை. அன்று ஆலைக்கு வெர்லின் இருபத்தைந்து நிமிடம் தாமதம். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஆர்விட் பண்ணையில கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்றார். ஓய்வு பெறும்வரை அந்தப் பண்ணையில் அவருக்குத் தினமும் கொஞ்சம் வேலை இருந்தது.