என் கையால் வாங்கிச் சாப்பிட ஓர் ஆள்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, கேட்டதெல்லாம் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1987-ல் என் கணவர் ஆவடியில் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். அந்தக் கோடையில் எனக்கு டைபாய்டு வந்து, குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து, சிறுகுடலின் ஒரு முனையை வயிற்றின் வலது பக்கத்தில் வெளியே எடுத்து வைத்தார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான் வரும், சில மாதங்களில் மூடிவிடலாம் என்றார் டாக்டர்.

தண்ணீராக ஊற்றிக்கொண்டே இருக்கும். அடக்க முடியாது. அதற்கென்று உள்ள பை எளிதில் கிடைக்காது. பிளாஸ்டிக் உறையை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். அப்படியும் ஓரத்தில் கசியும். பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரிந்தது. புடவை உரசினாலே உயிர் போகும்.

மூடுவதற்காக மறுபடியும் அறுத்தார்கள். சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். ஆனால் தைத்த இடம் உள்ளே கசிந்து, காய்ச்சல் கண்டு, பழையபடி திறக்க வேண்டியதாயிற்று. இனிமேல் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த ஒரு சபைச் சகோதரி, மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்துவிடும்படி சொன்னார். என்னிடம் மறைக்க என்ன இருந்தது? என் குடலே வெளியே இருந்தது.

சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் சமையலுக்கு முதல் ஆளாக நிற்பவள் நான். அந்த வருஷம், நான் ஓய்வெடுக்கட்டும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். காரணம் எனக்குத் தெரியும். வீட்டிலும் அதே கதைதான். கணவர் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்து, "ஒன் மேல குத்தம் சொல்லல. எனக்குத்தான் எறங்க மாட்டேங்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

சாப்பிட்டால்தானே பை நிறையும்? சாப்பாட்டைக் குறைத்தேன். பிறகு தண்ணீரையும் குறைத்தேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. சுகம் தாரும் என்று கேட்பதையே விட்டுவிட்டேன். கடைசியில் கோபத்தோடுதான் ஜெபித்தேன்: "ஆண்டவரே, என்னைச் சுகமாக்க உமக்கு மனமில்லை. போகட்டும். என் கையால் வாங்கிச் சாப்பிட ஓர் ஆளையாவது அனுப்பும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்."

அந்த வாரமே ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு வசந்தா பின்வாசலில் வந்து நின்றாள். அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல, கோயிலுக்குப் போகிறவள். முழுகாமல் இருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. மெலிந்து போயிருந்தாள்.

"அக்கா, இன்னா கொழம்பு வெச்சே? வாசன செவுரு தாண்டி வருது. கொஞ்சம் சோறு போடேன்."

நான் அசையவில்லை. "எனக்கு வயித்துல பை இருக்கு. தெரியுமா?"

"தெரியும்க்கா. அதுக்கின்னா இப்போ? எனக்குப் பசிக்குது."

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ துன்னலியா? ஒண்டியா துன்னா எறங்காது. நீயும் குந்து" என்றாள்.

உட்கார்ந்தேன். பல நாட்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். பாதியில் பை நிறைந்துவிட்டது. எழுந்துபோய்ச் சுத்தம் செய்துவிட்டுக் கூசிக்கொண்டே வந்தேன். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டு வைத்திருந்தாள். அங்கேயே அழுதேன்.

பிரசவம் வரை அநேகமாகத் தினமும் வந்தாள். அவளோடு நானும் சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். அப்படியே விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

வயிற்றில் அந்தத் துவாரம் இன்றும் மூடவில்லை. வெயில் காலத்தில் தோல் இன்னும் புண்ணாகிறது. என் கணவர் ஓராண்டு கழித்து, ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. எனக்கு உதவி சபைக்குள்ளிருந்து வரவில்லை என்பதையும் மறக்கவில்லை. இதைச் சொல்லும்போது உங்களில் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

இப்போது இதே ஆபரேஷன் ஆனவர்கள் எங்கே இருந்தாலும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறேன். கொடுத்துவிட்டு வந்துவிடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிறேன்.

கேட்டது கிடைக்காமல் கசந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களே, அந்தக் கசப்போடேயே அவரிடம் பேசுங்கள். என் கோபத்தையும் அவர் ஜெபமாக எடுத்துக்கொண்டார். உங்களுடையதையும் எடுத்துக்கொள்வார். அவருக்கு ஸ்தோத்திரம்.