பிளக்குக்குப் பூசிய திருநீறு

வீட்டு வாசலில் காரின் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. எனக்கு ஆறு வயது திரும்பிவிட்டது.

அன்று காலையிலிருந்தே மழை. அம்மாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. அப்பாவின் பழைய காரோ கிளம்பவில்லை. அப்பா பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன. வலியோடு இறங்கி வந்த அம்மா, "முருகா" என்று அவற்றின்மேல் திருநீற்றை அள்ளிப் பூசினார்.

"ஏய், இது பிளக்குலா! பிள்ளை நெத்தியா?"

"பேசாம தொடச்சு மாட்டுங்க. அவன் பாத்துக்குவான்."

அப்பா முணுமுணுத்தபடி துடைத்தார். திருநீறு ஈரத்தையெல்லாம் இழுத்திருந்தது. பொறி வருகிறதா என்று பார்க்க, ஒரு பிளக்கை வயரோடு இஞ்சினில் ஒட்டிப் பிடித்தார். அம்மாவே சாவியைத் திருப்பினார். நீலப் பொறி ஒன்று தெறித்தது. என் கண்ணுக்கு அது வேலின் நுனி. எல்லாவற்றையும் மாட்டியதும் கார் உறுமியது. ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

அன்று மதியம் பிறந்த தங்கச்சியின் கார்தான் இது. பக்கத்திலேயே நிற்கிறாள்.

"அண்ணே, பூசியாச்சா?"

"புது பிளக்குக்கு எதுக்குலா?" என்றேன். ஆனாலும் விரல் தானாக என் நெற்றித் திருநீற்றுக்குப் போனது.

பூசித் துடைத்துத்தான் மாட்டினேன்.