எனக்குக் காய்ச்சல் இல்லை

சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழன், விட்டதும் கந்தோருக்கு வந்து என்ன செய்வான்? காய்ச்சல் என்று லீவு எழுதுவான். யுத்த காலத்தில் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எங்களுக்கு அதுதான் வழக்கம். வெள்ளவத்தையில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்த ஒழுங்கையைப் பொலிசும் ஆமியும் விடியற்காலையில் வளைப்பார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை ஒன்றே போதும், லொறியில் ஏற்றிவிடுவார்கள். விசாரித்துவிட்டு இரண்டு மூன்று நாளில் விடுவார்கள்.

முதல் தடவையே நான் லீவுப் படிவத்தில் "பொலிஸ் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டேன்" என்று எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அவரும் பிடிபட்டுப் பழகியவர்தான்.

"உமக்கென்ன விசரே ஐசே? காய்ச்சல் எண்டு எழுதும். மெடிக்கல் சேட்டிபிக்கற் நான் எடுத்துத் தாறன்."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே அண்ணை."

"உண்மை சோறு போடுமோ? நோ-பே ஆக்கிப்போடுவாங்கள். பிறகு பென்சனுக்கு அந்த நாளெல்லாம் சேவையிலை சேராது."

அவர் சொன்னது பிசகவில்லை. சம்பளமில்லாத லீவாக்கினார்கள். எனக்குக் கொதித்தது. வேலைக்குப் போகவிருந்தவனைப் பிடித்தது அரசாங்கம். அடைத்து வைத்தது அரசாங்கக் கட்டடத்தில். இதில் லீவு எடுத்தவன் நானா? நியாயமாகப் பார்த்தால் ஓவர்டைம் அல்லவா தந்திருக்க வேண்டும்! பிடிபட்ட ஒவ்வொரு தடவையும் அதையே எழுதினேன்.

ஓய்வுபெறும் வயது வந்தது, யுத்தம் ஓயவில்லை. பிந்திச் சேர்ந்தவன் நான். முழுப் பென்சனுக்கு வேண்டிய சேவைக்காலம் மட்டுமட்டாகவே இருந்தது. அந்த நாட்களைக் கழித்ததும் குறைந்துவிட்டது. வாடகை கட்ட அந்தப் பென்சனைத்தான் நம்பியிருந்தோம். பென்சன் பகுதி அதிகாரி நல்ல மனுசி. குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, காய்ச்சல் என்று மெடிக்கல் கொண்டு வாருங்கள். நான் மாற்றிவிடுகிறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். குறையப் போவது அவளுடைய சாப்பாடும்தானே. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒவ்வொரு முறையும் பொலிஸ் வாசலிலை வெயிலுக்கை நிண்டது நான். உங்களுக்குக் காய்ச்சல் எண்டால், நான் அங்கை ஆரைத் தேடிக்கொண்டு நிண்டனான்?"

மறுநாள் அந்த அதிகாரியிடம் போய், "பென்சனை வெட்டுங்கள். ஆனால் காரணத்தை நான் எழுதியபடியே எழுதுங்கள்" என்றேன். இப்போது கொட்டாஞ்சேனையில், வாடகை குறைந்த வீட்டில் இருக்கிறோம்.