சூடம் அணைத்த அத்தை

மகள் வறுத்த எள்ளையும் அரிசி மாவையும் கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிளறுகிறாள். அந்த வாசனை என்னைக் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுவரிசைக்கே கொண்டுபோய்விட்டது.

கொழுந்து பறிக்கும் மலைக்கு எடுத்துப்போக அம்மா இதே உருண்டைதான் பிடிப்பார். கச்சான் கடலை மட்டும் சேர்க்கமாட்டார். கச்சான் பட்டாலே தங்கை செல்விக்கு உதடு வீங்கி மூச்சு முட்டும். ஒருநாள் அம்மாவின் உருண்டையைத் தின்றே அவளுக்கு அப்படி ஆனது. பிழைத்ததே பெரிது.

லயத்துக்கு ஒரே உரல். அம்மாவின் சந்தேகம் பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை மேல் விழுந்தது.

"உரல்ல கச்சான் இடிச்சீங்களா மதினி?"

"கழுவித்தானே குடுத்தேன்! ஒங்க வீட்டு ஆளுகளையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

"அப்ப கோயில்ல வந்து சூடம் அணைங்க."

அத்தை மாரியம்மன் முன்னால் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டா" என்றார் அம்மா. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அன்று ஹட்டனில் வாங்கிய கச்சானை ஒளித்துத் தின்றுவிட்டு, கழுவாத கையோடு உருண்டை பிடித்தவன் நான். அத்தை கை பொசுங்கியபோதும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் பேசாமல் நின்றேன்.

"நீங்களும் ரெண்டு பிடிங்கப்பா" என்கிறாள் மகள். தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.