கண்ணுக்குத் தெரியும் நெருப்பு

அன்று ஹோலில் இருந்தவர்கள்: என் கணவரின் தமையன். தமையனின் மனைவி. என் மகள். அவள் மடியில் மூன்று மாதப் பிள்ளை. மருமகன், சப்பாத்துக் கழற்றாமல் கதவடியில். நான்.

இவர் இல்லை. காலையில் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார்.

ஜனவரி மாதம். வெளியே பனி கொட்டியது. உள்ளே காஸ் பயர்பிளேஸ் எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது ஸ்காபரோவில் பழைய ஒட்டு வீடு. வீட்டைச் சூடாக்கப் பேஸ்மென்ற்றில் இருந்த பேர்னஸ் முந்தின வருடக் குளிரில் நின்றுபோனது. பார்க்க வந்தவன் புதிதுதான் போட வேண்டும் என்றான். இவர் ஹோல் சுவரில் இருந்த பயர்பிளேஸைக் காட்டினார்.

"உது காணும்" என்றார். "ரெண்டு பேருக்கு என்னத்துக்கு வீடு முழுக்கச் சூடு?"

மேலறையில் இருந்த மெத்தையைக் கீழே இழுத்துவந்து போட்டோம். நெருப்புப் பக்கம் முதுகு எரியும், மற்றப் பக்கம் விறைக்கும். புரண்டு புரண்டு படுப்போம். குளித்துவிட்டு நான் மேலிருந்து ஓடிவருவேன். "கனடாவில ஓடாத ஆக்கள் ஆர்?" என்று இவர் சிரிப்பார். பேர்னஸ் செத்தாலும் சுவரில் இருந்த அதன் மீற்றர் சூட்டைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. இருபது டிகிரியைத் தாண்டியதில்லை. இவர் சொன்ன மாதிரி, எங்களுக்கு அது காணும்.

பயர்பிளேஸின் அடியில் ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிய வேண்டும். அது இருந்தால்தான் சுவிட்சைத் தட்டப் பெரிய நெருப்புப் பிடிக்கும். குளிர் தொடங்கும்போது இவர் நிலத்தில் படுத்து அந்தச் சுடரை ஏற்றுவார். நான் டோர்ச் பிடிப்பேன்.

தமையன் மிசிசாகாவிலிருந்து வந்தவர். வந்ததும் நெருப்புக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் சூடுகாட்டினார். கை சூடான பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது.

"உதை நிப்பாட்டுங்கோ. செத்தவீட்டில அடுப்பு எரியக்கூடாது."

"அது அடுப்பில்லை, பெரியப்பா. ஹீற்றிங்" என்றாள் மகள்.

"நெருப்புத்தானே எரியுது? ஊரில உடம்பு எடுக்குமட்டும் அடுப்பு மூட்டுறேல்லை."

"ஊரில ஸ்னோ கொட்டுறேல்லை."

"பிள்ளை, பெரியாக்களோட கதைக்கிற மாதிரிக் கதை" என்றார் தமையனின் மனைவி. அவர் கோட்டைக் கழற்றியிருக்கவில்லை.

மகள் விடவில்லை. "சனிக்கிழமைதான் அப்பாவை எரிக்க இடம் கிடைச்சிருக்கு. இன்னும் அஞ்சு நாள். அதுமட்டும் அம்மா விறைக்கிறதோ? உங்கட வீட்டுப் பேர்னஸுக்குள்ளயும் காஸ்தான் எரியுது, பெரியப்பா. உங்களுக்கும் சாவுத் துடக்குத்தானே? அதை நிப்பாட்டிப்போட்டோ வந்தனீங்கள்?"

"அது கண்ணுக்குத் தெரியாதுதானே, பிள்ளை."

பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கப்போவது தமையனின் மகன். நான் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டேன்.

தமையன் குனிந்து, அடியில் இருந்த குமிழைக் கடைசிமட்டும் திருகினார். சின்னச் சுடரும் போனது.

மகள் சனிக்கிழமைவரை என்னோடு நிற்கத்தான் பெட்டியும் பிள்ளையுமாக வந்திருந்தாள். பின்னேரம் பிள்ளையின் மூக்கு சிவந்துவிட்டது.

"பிக்கரிங்குக்கு வாங்கோ அம்மா. எங்கட வீட்டில இருங்கோ."

"விளக்கை ஆர் பாக்கிறது?" என்றார் தமையன். இவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றியிருந்தது. அது அணையக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

"அப்ப அது நெருப்பில்லையோ?" என்று மகள் கேட்டாள்.

தமையன் விளக்குக்கு எண்ணெய் விட்டார். மகள் பிள்ளையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனாள். கொஞ்சம் கழித்துத் தமையனும் மனைவியும் போனார்கள். அவர்களுடைய வீடு நல்ல சூடு.

அடுத்த நாள் தமையன் ஒரு கரண்ட் ஹீற்றர் வாங்கி அனுப்பினார். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க அதைக் குசினியில் வைத்தேன். நான் விளக்கடியில் இருந்தேன். சனங்கள் வந்தார்கள். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். கோட்டோடும் தொப்பியோடும் இருந்து அழுதார்கள். "அண்ணையை ஐஸில வைச்சிருக்கினம். எங்களையுமெல்லே வைச்சிருக்கினம்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சொன்னவரும் கனநேரம் இருக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் மகள் போன் எடுத்தாள். பிள்ளைக்குத் தடிமன், மூக்கொழுகல். கொண்டுவர முடியாது. நான் வா என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை எரித்தோம். பெட்டி கதவுக்குள் போனது. தமையனின் மகன் ஒரு பட்டனை அமத்தினான். அங்கேயும் காஸ்தான். நெருப்பு ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தோய்ந்தோம். "இப்ப எரிக்கலாம்" என்று தமையன் போய்ச் சுவிட்சைத் தட்டினார். பிடிக்கவில்லை. திரும்பத் தட்டினார். தமையனின் மகனும் தட்டிப் பார்த்தான்.

"பழுதாப்போச்சு" என்றார் தமையன். "உந்தப் பழசை வைச்சு அவன் என்னெண்டு காலம் தள்ளினவனோ. ஆரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

அடியில் சுடர் இல்லாமல் அது பிடிக்காது. எனக்குத் தெரியும். அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லாரும் போனார்கள். பிள்ளை அழுகிறதாம் என்று மகளும் மருமகனோடு போய்விட்டாள்.

கதவைப் பூட்டினேன். டோர்ச்சை எடுத்துக்கொண்டு நிலத்தில் படுத்தேன். ஒரு கையால் குமிழை அமத்திப் பிடித்தபடி மற்றக் கையால் பொறி பறக்கும் பொத்தானைத் தட்டினேன். டோர்ச் பிடிக்க ஆள் இல்லை. வாயில் கவ்விக்கொண்டேன். கனதரம் தட்டச் சுடர் வந்தது. கை நோக நோக அமத்திக்கொண்டிருந்தேன். விட்டேன். சுடர் அணையாமல் நின்றது. எழும்பிச் சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது.

மெத்தையில் ஒரு பக்கம்தான் ஆள். நெருப்புப் பக்கமாக இருந்தேன்.

போன் அடித்தது.

"அம்மா, எரியுதோ?"

"ஓம்."

"ஆர் செய்தது?"

"நான்தான்."

அங்கே பிள்ளை சிணுங்குவது கேட்டது.

"அப்ப நாளைக்குப் பிள்ளையைக் கொண்டு வரட்டோ? வந்து நிக்கட்டோ? மீற்றர் எத்தனை காட்டுது?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

ஆறு.