அங்கம்மா எனப்படுபவர்

கண்டியில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் பின்னால் இறங்குகிற ஒழுங்கையில் மங்களேஸ்வரிக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேசை, மூன்று கதிரை, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலுமாரி. வாசலில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று பலகை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் குண்டசாலையில் இருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்து, ஊராருடைய பிறப்பையும் கலியாணத்தையும் மரணத்தையும் ஒரு பாஷையில் இருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றிக் கொடுக்கிறார். முப்பத்தொரு வருஷமாக இதே வேலைதான்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இது மூலப்பிரதியின் உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி முத்திரை குத்துவார். அந்த முத்திரை விஷயத்தில் மனுஷி பொல்லாத ஆள். ஒருமுறை ஒரு சட்டத்தரணி வந்து, “ஒரேயொரு சொல்தானே மிஸிஸ், கொஞ்சம் மாத்திப் போடுங்களேன்” என்று பல்லைக் காட்டினார். “மாத்துறதெண்டால் மூலத்தை மாத்திக்கொண்டு வாங்கோ” என்று வாசலைக் காட்டிவிட்டார் மங்களேஸ்வரி.

அப்பேர்ப்பட்டவரையும் ஒற்றைச் சொல் ஒன்று நாலு நாள் ஆட்டிப் படைத்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கலஹா பஸ்ஸில் வந்து இறங்கிய தாயும் மகளும்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். தாய் அங்கம்மா, கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். மகள் நிலூஷா டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். வந்ததும் வராததுமாக மகள் படபடவென்று ஆரம்பித்தாள்.

“மிஸ், எங்கம்மாவுக்கு ஏழு பேர்ச் காணி எழுதியிருக்காங்க. வீடு கட்டிக்க. லிஸ்டுல பேரும் வந்திருச்சு. இப்ப போனா, அங்கம்மா செத்துட்டாங்கங்குறாங்க!”

“ஆர் சொன்னது?”

“காணி ஆபீஸ்ல மிஸ். பழைய மரணப் பதிவு இருக்காம். அங்கம்மா, அப்பா பேரு லெட்சுமணன், அறுவத்திரெண்டாம் வருசம், காய்ச்சல்னு. அப்ப நீங்க யாருனு எங்கம்மாவப் பாத்துக் கேக்குறாங்க. உசுரோட நிக்கிற ஆளப் பாத்து!”

உசுரோடு நின்ற ஆள் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, பொலித்தீன் பைக்குள் இருந்து மடித்த தாள் ஒன்றை மெல்ல எடுத்து மேசையில் வைத்தார். “தோட்டத்துத் தொரை எழுதின துண்டுங்கம்மா. அப்பா பத்தரமா வச்சிருந்துச்சு. என்னா எழுதியிருக்குனு எங்க யாருக்கும் தெரியாது” என்றார்.

அந்தத் துண்டை மொழிபெயர்த்து, முத்திரையோடு வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பெயரை வெட்டவேண்டி வரும் என்று காணி உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். ஆக, ஒரு வீடு அந்தத் தாளில் தொங்கியது.

தாளில் இரண்டே வரி, ஆங்கிலத்தில். முதல் வரியில் ஒரு தொல்லையும் இல்லை: ‘இறந்துபோன பிள்ளையின் இடத்தில் அவளுடைய தங்கையைச் செக்ரோலில் சேர்த்துக்கொள்ளவும்.’ செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலையாட்களின் பெயர் ஏறும் புத்தகம். இரண்டாவது வரி, ‘இன்றிலிருந்து அவள் அங்கம்மா’ என்று தொடங்கி, ஒரு வினைச்சொல்லோடு முடிந்தது. ஹைட் (hight). இந்தச் சொல்லை மங்களேஸ்வரி முப்பத்தொரு வருஷத்தில் கண்டதே கிடையாது.

விஷயம் மட்டும் விளங்கிவிட்டது. கதிரையில் இருப்பவர் அங்கம்மா இல்லை, அங்கம்மாவின் தங்கை. அக்கா செத்ததும் அவளுடைய பெயரை இவருக்குப் போட்டிருக்கிறார்கள். தோட்டங்களில் இது நடக்காத காரியமல்ல. வயது காணாத பிள்ளைக்கு மூத்ததின் பெயரில் வேலை கிடைக்கும். ஆனால் போட்டது யார்?

“வெள்ளிக்கிழமை வாங்கோ” என்று அவர்களை அனுப்பிவிட்டு, அலுமாரியில் இருந்த தலையணை மொத்தமான ஆங்கில அகராதியை இறக்கினார். இறக்காமலே இருந்திருக்கலாம்! ஆதியில் அந்தச் சொல்லுக்குக் ‘கட்டளையிடு’ என்று அர்த்தமாம். கூடவே ‘வாக்குக் கொடு’ என்றும் ஓர் அர்த்தம். பெயர் சொல்லி அழைப்பதும் அதேதான். பிறகு நூற்றாண்டு நூற்றாண்டாக ஒவ்வொரு அர்த்தமாகக் கழன்று விழுந்து, கடைசியில் ‘எனப்படு’ என்பது மட்டும் மிஞ்சி, அதுவும் வழக்கொழிந்து, செய்யுள் எழுதுகிறவர்கள் அலங்காரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்ட சொல்லாகிப் போயிற்று. ஸ்கொட்லாந்துக்காரர் வாயில் மாத்திரம் ‘வாக்குக் கொடு’ என்ற அர்த்தம் நெடுங்காலம் நின்றிருக்கிறது. துண்டு எழுதிய துரை ஸ்கொட்லாந்துக்காரரா, வேறு யாரா? யாருக்குத் தெரியும்!

அன்று பின்னேரம் ஜெர்மனியில் இருக்கும் மகன் லவன் போன் எடுத்தான். தாய் தன் தலையிடியைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

“அம்மா, இஞ்ச நாங்கள் ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லைத்தானே சொல்லுறம். ‘இஹ் ஹைசே லவன்.’ என்ரை பேர் லவன் எண்டு. ரெண்டும் ஒரே வேர்தான்.”

“அப்ப ‘எனப்படு’ எண்டதுதானே?”

“ஓம். ஆனால் பழைய ஜெர்மனில கட்டளையிடுறதுக்கும் அதுதானாம். மற்றது, ‘இதுக்கு என்ன அர்த்தம்’ எண்டு கேக்கிறதுக்கும் அதே சொல்தான்.”

“நீ போனை வை ராசா” என்றார் மங்களேஸ்வரி.

புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. பஸ்ஸில் யோசித்தார், சோறு வடிக்கும்போதும் யோசித்தார். ‘அங்கம்மா எனப்படுகிறாள்’ என்று எழுதினால் ஊரெல்லாம் அந்தப் பிள்ளையை அப்படித்தான் கூப்பிட்டது என்றாகிவிடும். பெயர் அவருக்குச் சொந்தம், காணியும் தப்பும். ‘அங்கம்மா என்று இருக்கக் கட்டளையிடப்படுகிறாள்’ என்று எழுதினால் துரை பொய்ப் பதிவு செய்தார் என்றாகும். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், வழக்குக்குப் போ என்பார்கள். எழுபத்து மூன்று வயது மனுஷி எந்தக் கோட்டுக்கு ஏறி இறங்குவார்? அகராதியைப் பார்த்தால் முதலாவதுதான் சரி. ஆனால் அந்தத் தாளைப் பார்க்கும்போது அதில் அதிகாரத்தின் குரல் கேட்டது. இரக்கப்பட்டுக் காணிக்காக எழுதுகிறோமா, உண்மைக்காக எழுதுகிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் எட்டரைக்கே வந்து நின்றார்கள். தாள் ரெடி ஆகவில்லை. மங்களேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது.

“அம்மா, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. இந்தப் பேரை உங்களுக்கு ஆர் வைச்சது? துரையா, உங்கட அப்பாவா?”

நிலூஷா திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தாள். “என்னம்மா கேக்குறாங்க? உம் பேரு அங்கம்மா இல்லயா?”

அங்கம்மா மகளைப் பார்க்காமல், மங்களேஸ்வரியைப் பார்த்துச் சொன்னார்.

“யாரும் வைக்கலங்கம்மா. நானாத்தான் எடுத்துக்கிட்டேன். அக்கா செத்து நாலாம் நாளு, காலையில பெரட்டுக்களத்துல கணக்கப்புள்ள பேரு வாசிக்கிறாரு. நான் அம்மாவுக்குத் தண்ணி கொண்டாந்து நிக்கிறேன், பத்து வயசு. அவரு மறந்தாப்புல ‘அங்கம்மா’ன்னுட்டாரு. ஒரு சத்தமில்ல. அம்மா கூடையப் புடிச்சிக்கிட்டு அப்படியே நிக்கிது. மறுபடியும் ‘அங்கம்மா’ங்குறாரு. அக்காவக் கூப்புடுறாங்க, ஒருத்தரும் பேசலயேனு எனக்குத் தாங்கலம்மா. ‘வந்திருக்கேங்கய்யா’ன்னுட்டேன்.”

“ஐயோ!” என்றாள் நிலூஷா.

“கணக்கப்புள்ள கன்னத்துல ஒன்னு வச்சாரு. தொரை குதிரையில வந்தவரு என்னானு கேட்டாரு. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறந்தான் இந்தத் துண்ட எழுதி அப்பா கையில குடுத்தாரு.”

மங்களேஸ்வரி எழும்பிப் போய்க் கணினிக்கு முன்னால் இருந்தார். கட்டளைக்கு முன்னாலேயே ஒரு குரல் அழைத்திருக்கிறது, ஒரு பிள்ளை பதில் சொல்லியிருக்கிறது. அது போதும் என்று பட்டது. போதுமா என்று திரும்பவும் ஒரு சந்தேகம். சந்தேகம் தீரும் வரை இருந்தால் காணி போய்விடும். ‘இன்றிலிருந்து அவள் அங்கம்மா எனப்படுகிறாள்’ என்று தட்டினார். அடியில் ஒரு குறிப்பும் போட்டார்: இச்சொல்லுக்கு முற்காலத்தில் வேறு பொருள்களும் உண்டு, அகராதியின்படி பிற்காலப் பொருளே இங்கு கொள்ளப்பட்டது. மறைக்கவில்லை, அந்தளவில் மனச்சாட்சிக்குச் சரி.

தாளை எடுத்து, வழக்கம்போல் உரத்து வாசித்துக் காட்டினார். “இறந்துபோன பிள்ளையின் இடத்தில்…”

“நில்லுங்கம்மா.” அங்கம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. “அக்கா செத்துட்டானு அதுல எழுதியிருக்கா?”

“எழுதியிருக்கு.”

“தொரையே எழுதியிருக்காரா? அன்னைக்கே?”

“ஓம், அண்டைக்கே எழுதியிருக்கிறார்.”

“எங்களுக்கு இத யாரும் சொல்லலயே… அப்பா எங்கள அழுவக்கூடாதுன்னுருச்சும்மா. அங்கம்மா செத்துட்டானு லயத்து வீட்டுல அழுதா, செக்ரோல்ல நிக்கிற அங்கம்மா யாருனு ஆபீஸ்ல கேப்பாங்கள்ல? கருமாதி பண்ணல. ஒரு வெளக்கு ஏத்தல. அம்மா சாகுற வரைக்கும் அக்கா பேச்சே எடுக்கல. என்னையத்தான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டுக் கெடந்துச்சு.”

மங்களேஸ்வரி முத்திரையை எடுத்தார், குத்தினார், கையொப்பம் போட்டார். தாளை அங்கம்மாவின் பக்கம் நகர்த்தினார். அங்கம்மா அந்த வட்ட முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இது கவருமெண்டுக்குப் போவுதுங்களா? இனி யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்களா?”

“இனி ஒருத்தரும் கேக்கேலாது.”

“அப்ப அழுவலாங்களா?”

மங்களேஸ்வரி ‘ஓம்’ என்று தலையை ஆட்டினார்.

புருஷன் செத்தபோதுகூடத் தாய் சத்தம் போட்டு அழுததை நிலூஷா கண்டதில்லை. இப்போது இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு, ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று பார்க்க, “எங்கக்கா அங்கம்மா… எங்கக்கா அங்கம்மா செத்துப் போச்சே” என்று அழுதார்.