இந்தப் பக்கம் மேலே

எங்கள் அருங்காட்சியகத்தில் மெழுகு ராணி ஒருத்தி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பாதத்துக்குக் கீழே ஒரு குட்டி ஸ்டூல் இருக்கும். பக்கத்துப் பலகையில் ‘அரசியின் கால்மணை. காலம் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும். காலம் எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில், சாப்பாட்டு இடைவேளையில், சாமான்கள் வந்து இறங்கிய பெட்டியின் பலகையை அறுத்து, அங்கே தச்சு வேலை பார்க்கிற நான் செய்தது அது. ராணிக்குச் செய்யவில்லை. தூணக்காவுக்குச் செய்தேன். இத்தனை வருஷமாக அந்த எழுத்துப் பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. படித்தவன் எழுதி வைத்தால் போதும், பார்க்கிற ஜனமும் தலையை ஆட்டிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகும்.

தூணக்கா அருங்காட்சியகக் கூடத்தில் காவல். தூண் ஓரமாக நின்று, வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கதவு திறந்ததிலிருந்து மூடுகிறவரை நிற்பாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். வைத்தது யார் என்று தெரியாது. அவளே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வெளிவாசலில் காவல் இருந்த ஆம்பளைகளுக்கு ஆளுக்கொரு நாற்காலி உண்டு. அதில் சாய்ந்து, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுக் காவல் காப்பார்கள். கூடத்தில் நின்ற பெண்களுக்குத்தான் கிடையாது. ஒரு தடவை அக்கா போய்க் கேட்டிருக்கிறாள். எங்கள் மேலதிகாரி, எதைச் சொல்வதற்கு முன்னாலும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மனுஷன், அதனால் எங்களுக்கு அவர் பெயர் ‘கனைப்பு’, இப்படிச் சொன்னாராம்: “பொம்பளைங்க உட்கார்ந்திருந்தா கூடம் வீடு மாதிரி தெரியும்மா. வர்றவங்களுக்கு மரியாதை வராது.”

அக்கா இதை வந்து என்னிடம் சொன்னபோது சிரித்தாள். “வீட்டுல நான் எப்ப தம்பி உட்கார்ந்தேன்? அந்த ஆளு எந்த வீட்டப் பார்த்தாரோ.”

அவள் புருஷன் பஸ் டிரைவர். வீட்டில் இருந்த ஒரே சாய்வு நாற்காலி அவருடையது. “அவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போச்சு. எனக்கு நின்னு நின்னு காலு போச்சு. எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு முழு ஆளு தேறும்” என்பாள்.

கால் போனது விளையாட்டுப் பேச்சு இல்லை. கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, நீலமாக முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது. மாலையில் செருப்பின் வார் பாதத்துக்குள் புதைந்து போகும், வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் எடுத்துக்கொண்டு போவாள். டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். அடிக்கடி உட்காரணும். மருந்துக் கடையில் கிடைக்காத வைத்தியம்.

அப்போதுதான் ‘காலந்தோறும் பெண்’ என்று புதுக் கூடம் ஒன்று போட்டார்கள். பழைய காலத்து நாடுகளில் பெண்கள் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்று காட்டுகிறார்களாம். மேடைகள் எல்லாம் என் வேலை. மெழுகுச் சிலைகளை ஏற்றி நிறுத்தினதும் நான்தான். ஒரு நாட்டில் பெண் தன் பேரிலேயே நிலம் வைத்துக்கொண்டாள். ஒரு நாட்டில் துணையில்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது. இன்னொன்றில் அவளைச் சந்தையில் விற்றார்கள். பலகை பலகையாக எழுதி மாட்டினார்கள். எனக்கு அந்த எழுத்தெல்லாம் பாதிதான் புரியும். மேடை அடித்தவன் என்கிற முறையில் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. எந்த நாடாக இருந்தாலும் வசதி உள்ளவளுக்கு உட்கார மேடை, இல்லாதவளுக்கு நிற்க மேடை. இதைச் சொல்ல இவ்வளவு பலகை எதற்கு?

திறப்பு விழாவுக்கு முன்னாலேயே, சிலைகளுக்குக் காவலாக அக்காவை அந்தக் கூடத்துக்கு மாற்றினார்கள். மெழுகு உருகாமல் இருக்க ராப்பகலாகக் குளிர் ஓடும். உள்ளே அரை இருட்டு. அக்கா சாம்பல் நிறச் சால்வை ஒன்றைத் தலையோடு போர்த்துக்கொண்டு நிற்பாள். பார்க்கச் சகிக்காமல்தான் அந்த ஸ்டூலைச் செய்தேன். முழங்கால் உயரம்கூட வராது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். பலகையில் பெட்டிக்காரன் கறுப்பு மையில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அச்சடித்து அம்பு ஒன்று போட்டிருந்தான். எழுத்து தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று அந்தப் பக்கத்தை அடியில் விட்டு ஆணி அடித்தேன்.

ஆள் வராத நேரத்தில் அக்கா அதில் உட்காருவாள். காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து, ஸ்டூலை ராணியின் மேடைக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். கொஞ்ச நாள் நிம்மதியாக ஓடியது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் கனைப்பு சுற்றிப் பார்க்க வந்தார். சிம்மாசனத்துக்கு அளவு கொடுத்தது அவர்தான். ரொம்ப உயரம் சார் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது ராணியின் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின, சலூன் நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்த குழந்தை மாதிரி. எல்லோரும் அதையே பார்த்தார்கள். கூட வந்த உதவி அதிகாரி மேடைக்குப் பின்னால் குனிந்து, என் ஸ்டூலை எடுத்து, “சார், இத உள்ள வைக்க மறந்துட்டாங்க போல” என்றான். ராணியின் பாதத்துக்குக் கீழே வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

கனைப்புக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கால்மணை. அந்தக் காலத்து வழக்கம். எங்க வாங்கினோம்னு தெரியலையே. பரவால்ல, காலம் தெரியலைன்னு போட்ருங்க.”

நான் வாயைத் திறந்தேன். “சார், அது வந்து...”

அவர் கனைத்தார். “நீ மரவேலை பாக்கறவன்தானே? அதப் பாரு.”

மரவேலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடு தம்பி. ராணியம்மாவும் பாவம், எவ்வளவு நேரம்தான் காலத் தொங்கப் போட்டுக்கிட்டு இருப்பா.”

மறுநாள் விழா. சிறப்பு விருந்தாளி ஒரு அம்மாள், பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. ராணிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பணிப்பெண் சிலை இன்னும் வந்து சேரவில்லை. பலகை மட்டும் மாட்டியாகிவிட்டது: ‘பணிப்பெண். அரசியின் முன் அமரும் உரிமை இல்லாதவள்.’ எந்த நேரமும் சிலை வந்துவிடும், வந்ததும் ஏற்று என்று என்னைக் கூடத்து மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆமாம், நான் உட்காரலாம்.

விருந்தாளி வரவில்லை. காலை போய், சாப்பாட்டு வேளை போய், வாசலில் வைத்த பூ வாடியே போனது. அக்கா தூண் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். தூணில் சாய்ந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, “செத்த நேரம் ராணிகிட்ட கடன் கேக்கறேன்” என்றாள். மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே போய், ஸ்டூலை உருவி, மேடை ஓரமாக உட்கார்ந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக் கண்ணை மூடினாள். ராணியின் கால் மறுபடியும் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து விருந்தாளியோடு ஊர்வலம் உள்ளே வந்தது. முன்னால் கனைப்பு. படம் எடுப்பார்கள் என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். ஒவ்வொரு மேடையாக விளக்கிக்கொண்டே வந்து ராணியின் முன்னால் நின்றார்.

“ரொம்பத் தத்ரூபமா இருக்கு” என்றார் விருந்தாளி அம்மாள். “அந்தப் பணிப்பெண் முகத்துல பாருங்க, எவ்வளவு களைப்பு.”

கனைப்பு பார்த்தார். பலகையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, “யாரு இத உட்கார வெச்சது? நிக்கணும்னுதானே சொன்னேன். நிறுத்து” என்றார்.

“நான் உட்கார வெக்கல சார்.”

“அப்ப வேற யாரு?”

அக்கா கண்ணைத் திறந்தாள். “நானேதான் சார் உட்கார்ந்தேன். கால் வலி.”

விருந்தாளி அம்மாள் இரண்டு அடி பின்னால் போய், பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்துவிட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கனைப்புக்குச் சிரிப்பும் வரவில்லை, கனைப்பும் வரவில்லை. பல வருஷம் அவர் கண் முன்னால் நின்றவள். நின்றால் தூண், உட்கார்ந்தால் சிலை. மனுஷி என்று அந்த ஆள் கண்டுகொள்ள அவள் வாயைத் திறந்து பேச வேண்டியிருந்தது.

அம்மாள் சமாளித்துக்கொண்டு, “உங்களுக்கு உட்கார நாற்காலி இல்லையாம்மா?” என்று கேட்டார்.

“இருக்கு மேடம், இருக்கு” என்றார் கனைப்பு, அக்கா வாயைத் திறப்பதற்குள். கையைச் சொடுக்கினார். அவர் அறையிலிருந்தே ஒரு மெத்தை நாற்காலி ஓடி வந்தது. அக்காவை அதில் உட்கார வைத்து, பக்கத்தில் அம்மாள் குனிந்து நின்று, படம் எடுத்தார்கள். அம்மாள் மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அவர் கார் கிளம்பியது. நாற்காலியும் கிளம்பியது.

அக்காவுக்குக் கிடைத்தது விசாரணை. காட்சிப்பொருளைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாளாம், பழமையான பொருளுக்குச் சேதம் விளைவிக்கப் பார்த்தாளாம். வேலையே போகும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் சம்பளத்தில்தான் பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பணம் வேறு வழியில் போகும், எந்த வழி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கனைப்பு அறையில் ஒரு மேஜை, அதற்கு அந்தப் பக்கம் அவரையும் சேர்த்து மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் அக்கா, நின்றுகொண்டு. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “பொருள் மேடைல இருந்து நகர்த்தப்பட்டதப் பார்த்தியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“பொருளக் கொண்டு வந்து காட்டினா சொல்றேன் சார்.”

கொண்டு வந்தார்கள். கையில் உறை மாட்டிக்கொண்டு, துணியில் பொதிந்து, அந்த உதவி அதிகாரி தூக்கிக்கொண்டு வந்தான். நான் வாங்கி மேஜை மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். கறுப்பு மை அப்படியே இருந்தது. ‘இந்தப் பக்கம் மேலே.’

“இந்த ராணி நம்ம பாஷ படிச்சிருக்கா சார்” என்றேன். “பெட்டி கட்டற கம்பெனில வேலையும் பார்த்திருப்பா போல.”

மூன்று பேரும் அதைப் படித்தார்கள். ரொம்ப நேரம் படித்தார்கள், இருப்பது மூன்று சொல்தான். கனைப்பு கனைத்தார். அதற்குப் பின்னால் சொல் எதுவும் வரவில்லை. அக்கா கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

விசாரணை அதோடு அமுங்கிப் போனது. வேலை தப்பித்தது. ஆனால் ஸ்டூல் அவள் கைக்கு வரவில்லை. வாசலில் விற்கிற புத்தகத்தில் கால்மணையின் படம் அச்சாகிவிட்டதாம், எடுத்தால் கேள்வி வருமாம். பொய்யைத் திருத்தக் கூச்சம், காட்டிக் காசு பார்க்கக் கூச்சமில்லை. ஸ்டூல் மறுபடி ராணியின் காலுக்கடியில் போனது. இன்னொன்று செய்து தருகிறேன் என்றேன். “வேணாம் தம்பி, அதையும் எவளாவது மகாராணிக்குக் குடுத்துடுவானுங்க” என்றாள். பணிப்பெண் சிலை வந்தது, நான்தான் ஏற்றி நிறுத்தினேன். அதற்குப் பிறகு மெழுகுக்காரி ஒரு பக்கமும் அக்கா எதிர்ப்பக்கமுமாக ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெழுகுக்குக் கால் வீங்காது.

கடைசியில் நரம்பு வெடித்துப் புண் ஆனது. கணுக்காலுக்கு மேலே, ஆறாத புண். ஓய்வு வயசு வருவதற்கு முன்பே வேலையை விட்டாள். வழியனுப்புக் கூட்டத்தில் கனைப்பு பேசினார், ‘நம் நிறுவனத்தின் தூண்’ என்று. ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் சாய்வு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க, உட்காருங்க” என்றார், எதில் என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. உள்ளே அக்கா கட்டிலில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதம் கறுத்துக் கிடந்தது. வெட்டி எடுக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரி.

“பார்த்தியா, ஒரு வழியா உட்கார்ந்துட்டேன்” என்றாள்.

நான் கட்டில் சட்டம் ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தேன்.

“என் எடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்காமே?”

“வந்திருக்கு. திமிர் புடிச்சது. காதுல வயர மாட்டிக்கிட்டு நிக்குது. நாம பேசினா மதிக்கறதே இல்ல.”

“நிக்குதுல்ல?”

“நிக்குது.”

அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். அப்புறம் குரலை இறக்கி, வெளியே சாய்வு நாற்காலியில் இருந்தவர் காதில் விழாதபடி சொன்னாள்.

“அதுக்கு ஒண்ணு செஞ்சு குடு தம்பி. அதே பெட்டிப் பலகைலயே செய். ஆனா இந்தத் தடவ அந்த எழுத்த அடில வெச்சு அடிக்காத. மேல தெரியற மாதிரி அடி. அப்பத்தான் எந்த ராணி காலுக்கும் எடுத்துக்கிட்டுப் போகமாட்டானுங்க.”